இடது காதுக்குப் பிணை நின்ற மச்சானுக்கு

நியூ லின், ஒக்லாந்து
16.11.2025, ஞாயிறு

என் பேரன்புக்குரிய மச்சான் குகதாசனுக்கு,

நவரத்தினம் எழுதிக்கொள்வது. நீயும் உன் மனைவி பிள்ளைகளும், உன் கடையில் திருத்துவதற்கு வந்து கிடக்கும் தண்ணி மோட்டர்களும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க நல்லூரானை மன்றாடுகிறேன். இங்கே நானும் சரோஜாதேவியும் மகள் சுகந்தினியும் சுகம். சுகம் என்பது கடிதத்தில் எழுத வேண்டிய சொல் என்பதால் எழுதுகிறேன். நீ அதை அப்படியே நம்பிவிடாதே. உனக்கு நான் கடைசியாகக் கடிதம் போட்டது மகள் பிறந்தபோது. அந்த மகளுக்கு இப்போது இருபத்தைந்து வயது. இதற்கு மன்னிப்புக் கேட்கத் தொடங்கினால் மற்ற மன்னிப்புகளுக்குத் தாளில் இடம் இருக்காது, ஆகவே மேலே போகிறேன்.

இதை வட்ஸ்அப்பில் சொல்லாமல் ஏன் கடுதாசியில் எழுதுகிறான் என்று யோசிப்பாய். வீடியோவில் நான் என்ன சொன்னாலும் நீ சிரித்துத் தலையாட்டுகிறாய். போன தீபாவளிக்கு, எனக்கு நெஞ்சுவலி வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன் என்று சொன்னேன். "நல்லது மச்சான், நல்லது" என்றாய். பிறகுதான் சரோ சொன்னாள்: "பாவமப்பா, அந்த மனுசனுக்கு ஒண்டும் கேக்கேல்லை." மூன்றரை வருடம் ஷெல் சத்தத்துக்குள் நின்றவனின் காது வேறு எப்படி இருக்கும்? உனக்குக் கேட்கிற அளவுக்கு நான் கத்தினால் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரருக்கும் கேட்கும், அவருக்காவது தமிழ் விளங்காது, என் மனைவிக்கு விளங்கும். அதனால்தான் கடிதம்.

நடந்தவை உனக்குத் தெரியும். ஆனால் என் வாயால் நான் உனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. அதனால் தொடக்கத்திலிருந்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

தொண்ணூற்றிரண்டில் என் அப்பா, அதாவது உன் மாமா, ஊரின் பிரஜைகள் குழுத் தலைவர். அதற்கு முன்பு இரண்டு முறை தேர்தலில் நின்று தோற்றவர், தோற்றதை ஒத்துக்கொள்ளாதவர். மேடையும் மைக்கும் இருந்தால் அவருக்குச் சாப்பாடு தேவையில்லை. சனிக்கிழமை சந்தை மைதானத்தில் நின்று, "வீட்டுக்கு ஒருவர் வராவிட்டால் இந்த மண்ணுக்கு யார் வருவார்?" என்று அவர் முழங்கியபோது நீயும் நானும் பின்வரிசையில் நின்று கடலை கொறித்தபடி கை தட்டினோம். திங்கட்கிழமை இயக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு ஆள் வந்து, "ஐயா, உங்கட வீட்டிலை ஆர்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலை அப்பா என்னை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு தன் சிநேகிதரான டொக்டரிடம் போனார். இடையில் ஒரு நாள்கூட அவர் வீணாக்கவில்லை.

டொக்டர் என்னைத் தொட்டே பார்க்கவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பாவுடன் கலந்தாலோசித்தார்.

"நெஞ்சு எண்டு எழுதினால் குழாய் வைச்சுப் பார்ப்பாங்கள். கண் எண்டால் எழுத்துக் காட்டிப் பிடிச்சிடுவாங்கள். காது எண்டால் ஆர் உள்ளுக்கை போய்ப் பார்க்கிறது?"

"அப்ப காது எண்டே போடுங்கோ."

"எந்தக் காது?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, "இடது" என்றார். அவ்வளவுதான். அந்த நிமிடத்திலிருந்து என் இடது காது செவிடு.

கொழும்பில் சத்திரசிகிச்சை என்று கடிதம். ஆனால் எங்கள் வயதுப் பெடியன்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போவதென்றால் இயக்கத்தின் பாஸ் வேண்டும், பாஸுக்குப் பிணை வேண்டும். ஒரு மாதத்தில் திரும்பி வருவான் என்று ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும், வராவிட்டால் அவனுக்குப் பதிலாகக் கையெழுத்து வைத்தவன் இயக்கத்துக்குப் போக வேண்டும். மாமியும் நீயும் எங்கள் வீட்டில்தான் இருந்தீர்கள். அப்பா உன் தோளில் கை போட்டு, "ஒரு கையெழுத்துத்தானே தம்பி" என்றார். நீ படித்துக்கூடப் பார்க்கவில்லை. கையெழுத்தை வைத்துவிட்டு என் வலது காதுப் பக்கம் வந்து நின்று, "வரேக்கை ரேடியோவுக்கு நாலு பற்றரி ஒளிச்சுக்கொண்டு வா மச்சான்" என்றாய். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பொய் என்று தெரிந்தும் வலது பக்கம் வந்து நின்றாயா, அல்லது உண்மை என்று நம்பி நின்றாயா என்று நான் இதுவரை உன்னிடம் கேட்கவில்லை.

வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்தேன். ஊருக்குக் கொண்டுபோகத் தடையான அந்தப் பற்றரி நாலும் வாங்கி வைத்திருந்தேன். முப்பதாம் நாள் காலை பையைக் கட்டினேன் என்பது உண்மை. அன்று பின்னேரமே அதை அவிழ்த்தேன் என்பதும் உண்மை. "சத்திரசிகிச்சை பிந்துகிறது, அவசரப்பட்டு வரவேண்டாம்" என்று அப்பாவின் கடிதம் வந்தது. எனக்கு நடக்காத சத்திரசிகிச்சை பிந்துவதை அப்பா யாழ்ப்பாணத்தில் இருந்தே அறிந்திருந்தார். முப்பத்திரண்டாம் நாள் உன்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று பிறகு அறிந்தேன். அடுத்த சனிக்கிழமை அப்பா மேடை ஏறி, "எங்கள் வீட்டிலிருந்தும் ஒருவர் போயிருக்கிறார்" என்று சொன்னாராம். கைதட்டல் பலமாம். அதையும் கடிதத்தில் எழுதியிருந்தார்.

சரி, பொய் சொன்ன வேலை முடிந்துவிட்டதே, காதைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று நான் நினைத்தேன். முடியவில்லை மச்சான். இயக்கத்துக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று அப்பா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். கலியாணம் பேசி வந்த தரகர், "மாப்பிள்ளை தங்கம், இடது காதுதான் கொஞ்சம் மந்தம்" என்று சரோவின் வீட்டில் சொல்லிவிட்டார். சரோவின் ஐயா, "ஒளிக்காமல் சொன்ன குடும்பம்" என்று சந்தோசப்பட்டுப் பெண் கொடுத்தார். எங்கள் நேர்மைக்குக் கிடைத்த சம்பந்தம் அது. இதற்குப் பிறகு எந்த முகத்தோடு எனக்குக் காது கேட்கும் என்று சொல்வது?

அதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. இங்கேயும் ஊரைப் போல ஓட்டுநர் சீட் வலது பக்கம். பக்கத்தில் இருப்பவர் என் இடது காதுக்கு நேரே இருப்பார். அதாவது இருபத்தேழு வருடமாகச் சரோ காரில் ஏறியதும், தான் தனியே இருப்பதாக நினைத்து வாய்விட்டுக் கதைப்பாள். முக்கியமான விசயம் என்றால் என் தோளைத் தட்டி, என் முகத்துக்கு முன்னால் எட்டி வந்து உரத்துச் சொல்வாள். மற்றதெல்லாம் தனக்குத்தானே சொல்வது. என் தங்கச்சியைப் பற்றி, என் சமையலைப் பற்றி, நான் மைக்கைப் பிடித்தால் விடாததைப் பற்றி எல்லாம் கேட்டுக்கொண்டு, முகத்தை அசைக்காமல் நகரத்தின் மறுகோடியில் இருக்கும் பக்குரங்கா வரை போய்த் திரும்பியிருக்கிறேன். ஆரம்பத்தில் எனக்கு உள்ளுக்குள் சிரிப்பாகக்கூட இருந்தது.

ஒருநாள் சிரிப்பு நின்றுவிட்டது. சுகந்திக்குப் பிறகு எங்களுக்கு ஒரு பிள்ளை வந்து ஆறாம் மாதத்தில் தங்காமல் போனது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து மத்தியானம் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன். மோட்டர்வேயில் சரோ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "நான்தான் கவனமில்லாமல் இருந்திட்டன், நான்தான் அந்தப் பிள்ளையைக் கொண்டிட்டன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே வந்தாள். "உன்ரை பிழை இல்லை சரோ" என்று ஒரு வசனம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் காது கேட்கிறது என்று தெரிந்துவிடும். நான் இண்டிகேட்டரைப் போட்டு லேன் மாறினேன். அந்த ஒரு வசனத்தை அவளுக்குக் கடன் வைத்தவன் நான். எத்தனை பொய் சொன்னேன் என்று எனக்குக் கணக்கில்லை, ஆனால் சொல்லாமல் விட்ட அந்த வசனம் மட்டும் என்னை விடவில்லை.

இதற்கிடையில் என் காது வெளியூர்களிலும் பிரபலமாகிவிட்டது. எங்கள் மேற்கு ஒக்லாந்துத் தமிழர் ஒன்றியத்தில் ஒரு முறை விழாவைத் தொகுத்தவர், நான் கேட்காமலேயே, "ஷெல்லடியில் தன் செவிப்புலனை மண்ணுக்குக் கொடுத்த அண்ணன் நவரத்தினம்" என்று அறிமுகப்படுத்தினார். திருத்த எழும்பினேன். எல்லோரும் எழும்பி நின்று கை தட்டினார்கள். எல்லோரும் நிற்கும்போது நான் மட்டும் எப்படி உட்காருவது என்று நின்றேன், பிறகு மாலை போட்டார்கள். பொன்னாடை வீட்டில் இருக்கிறது, உனக்கு அனுப்பட்டுமா?

சென்ற மாதம் ஒன்றியத்தின் ஆண்டுக் கூட்டம். வடையும் ரோல்ஸும் முடிந்த பிறகு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். உலகத்தில் நடக்கும் யுத்தங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். எனக்குள் அப்பா வந்து இறங்கிவிட்டார் மச்சான். "யுத்தத்துக்கு ஊரான் பிள்ளையை அனுப்புகிற தலைவர்களைக் கேட்கிறேன், உங்கள் முறை வந்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? ஒருவருக்கு முதுகு, ஒருவருக்கு மூச்சு, ஒருவருக்கு மேற்படிப்பு. அப்பாவுக்குத் தெரிந்த டொக்டர் இருந்தால் எந்த நாட்டிலும் எவனும் போருக்குப் போகத் தேவையில்லை!" மண்டபம் அதிர்ந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். சரோ காரில் சொல்வது சரிதான், எனக்கு நிறுத்தத் தெரியாது. "எங்கள் வீட்டிலிருந்தும் ஒருவர் போனார்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வசனம் என்று ஞாபகம் வந்தது. முன்வரிசையில் சுகந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த இடத்திலேயே என்னை அடுத்த தலைவராகப் பிரேரித்தார்கள். தேர்தல் டிசெம்பர் ஏழாம் திகதி. எனக்கு எதிராக நிற்பவர் ஜனார்த்தன் என்று ஒரு தமிழ்நாட்டுத் தம்பி, கம்ப்யூட்டர் வேலை, நல்ல பிள்ளை. கூட்டம் முடிய என் பக்கத்தில் வந்து, "சார், தப்பா எடுத்துக்காதீங்க. போனது நீங்களா, வேற யாராவதா? நீங்க சொன்னது எனக்குச் சரியாப் புரியல" என்று கேட்டான். அந்த மண்டபத்தில் இருநூறு பேரில் காது கொடுத்துக் கேட்டவன் அவன் ஒருவன்தான். நல்லவேளை, அவன் நின்றது என் இடது பக்கம். எனக்குக் கேட்கவில்லை.

இனித்தான் வினை. சுகந்தி பல்கலைக்கழகத்தில் காது பரிசோதிக்கிற படிப்பு படிக்கிறாள், இது கடைசி வருடம். அவள் ஏன் அதை எடுத்தாள் தெரியுமா? விண்ணப்பத்தோடு கட்டுரை எழுத வேண்டுமாம். "என் அப்பாவின் இடது காதுக்கு ஒருநாள் நான் சத்தத்தைத் திருப்பிக் கொடுப்பேன்" என்று எழுதியிருந்தாள். அதைப் படித்த அன்று நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். வேண்டாம் பிள்ளை, கணக்கியல் படி என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். என் சுயநலமில்லாத குணத்தை மெச்சினாள்.

ஆறு வருடம் சாக்குச் சொல்லித் தப்பி வந்தேன். போன வாரம் பயிற்சிக்கு ஆள் குறைகிறது என்று கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒரு சின்னக் கண்ணாடிக் கூண்டு. தலையில் கருவி. சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். வலது காதுக்கு ஒழுங்காக அழுத்தினேன். இடது காதில் சின்னக் குருவி கத்துகிற மாதிரி ஒவ்வொன்றாக வந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கோயில் தூண் மாதிரி இருந்தேன். முப்பத்துமூன்று வருட அனுபவம். சுகந்தி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று புருவத்தைச் சுருக்கினாள். உள்ளே வந்து ஒரு சின்ன ரப்பர்க் குமிழை இடது காதில் வைத்தாள்.

"அப்பா, ஜஸ்ட் சிட். யூ டோண்ட் ஹாவ் டு டூ எனிதிங்."

நான் ஒன்றும் செய்யத் தேவையில்லையாம். அதுதான் மோசம். அந்தக் கருவி சத்தத்தை உள்ளே அனுப்பினால் நல்ல காது தானாகவே பதில் சத்தம் அனுப்புமாம், நாம் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் அனுப்புமாம். காதுக்குள் போய் யார் பார்ப்பது என்று அந்த டொக்டர் கேட்டாரே, என் பிள்ளை போய்ப் பார்த்துவிட்டாள். திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு என் பின்னால் வந்து, இடது பக்கம், மூச்சு மாதிரிச் சின்னக் குரலில், "அப்பா, மழை வருது, கார் ஜன்னல் திறந்து கிடக்கு" என்றாள். நான் எழும்பிச் சாவியைத் தேடினேன்.

கிளினிக்கிலிருந்து வரும் வழியில் மவுண்ட் ஆல்பர்ட்டைத் தாண்டினோம். பிறகு நேரே ரோட்டைப் பார்த்தபடி, "எப்ப இருந்து அப்பா?" என்றாள். இங்கே பிறந்த பிள்ளை, முக்கியமான கேள்வியை மட்டும் தமிழில் கேட்கிறாள். நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். "அப்ப கேக்காது பிள்ளை. குகன் மாமாவைக் கேள், அவனுக்குத் தெரியும்" என்று வந்தது. என் வாய் அப்பாவிடம் பழகிய வாய்.

வீட்டுக்கு வந்ததும் சரோவிடம் சொல்லிவிட்டாள். சரோ கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. நாற்காலியில் இருந்தாள். ஒவ்வொரு பயணமாக அவள் நினைத்துப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. கடைசியாக, "அப்ப, அண்டைக்கு ஆஸ்பத்திரியாலை வரேக்கையும் கேட்டதோ?" என்றாள். ஓம் என்றேன். எழும்பிப் போய்விட்டாள். இப்போது அவள் காரில் பின் சீட்டில் இருக்கிறாள்.

குகன், நான் உன்னிடம் கேட்பது ஒன்றுதான். சுகந்தி சிநேகிதர்களோடு காதுப் பரிசோதனை முகாம் நடத்த வன்னிக்கு வருகிறாள். இருபத்தெட்டாம் திகதி விமானம். டிசெம்பர் முதல் வாரம் கிளிநொச்சியில் உன் வீட்டுக்கு வருவாள், வந்து உன்னைக் கேட்பாள். உள்ளதை உள்ளபடி சொல். டொக்டரைச் சொல், பிணையைச் சொல், முப்பத்திரண்டாம் நாளைச் சொல். அவள் என்னை வெறுத்தாலும் பரவாயில்லை, தெரிந்துகொண்டு வெறுக்கட்டும். தலைவர் பதவிக்குப் பெயரைத் திரும்பப் பெறுகிற கடிதமும் எழுதி இதே மேசையில் வைத்திருக்கிறேன். உலகத் தலைவர்களை நான் இனித் திட்டப் போவதில்லை. அவர்களுக்கும் எனக்கும் வித்தியாசம், என்னிடம் நாடு இல்லை என்பது ஒன்றுதான். நான் வந்திருக்க வேண்டும் மச்சான். பையைக் கட்டிய அன்றே பஸ் ஏறியிருக்க வேண்டும். உன் காதையும் உன் இருபது வயதையும் நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என்னை மன்னி என்று கேட்க எனக்கு வாய் இல்லை, ஆனாலும் கேட்கிறேன்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், அவர்கள் கல்வியும் கலியாணமும் ஒரு தடையும் இல்லாமல் நடக்கட்டும். மாமியின் படத்துக்கு என் பேரில் ஒரு விளக்கு வை.

என்றும் உன் கடமைப்பட்ட மச்சான்,
நவரத்தினம்

பிற்குறிப்பு, 9.12.2025: இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடவில்லை. மூன்று வாரம் காருக்குள்ளேயே வைத்துக்கொண்டு தபால் பெட்டியைத் தாண்டித் தாண்டிப் போய்வந்தேன். சனிக்கிழமை சுகந்தி உன் வீட்டிலிருந்து அழைத்தாள். அவள் கேட்டதற்கு நீ, "உங்கட அப்பாவுக்கு அந்த நேரம் இடது காது துண்டாக் கேக்காது பிள்ளை. நான்தான் சைக்கிளிலை ஏத்திக்கொண்டு டொக்டரிட்டைப் போனனான். அவன் திரும்பி வரத்தான் நிண்டவன், நான்தான் வராதை எண்டு சொல்லி விட்டனான்" என்று சொன்னாயாம். சுகந்தி சொல்லுவது, யுத்த அதிர்ச்சியில் அப்படிக் காது அடைத்து, சுகமான பிறகும் மனம் அதை நம்பாமல் இருக்குமாம். அவளுடைய புத்தகத்தில் அதற்கு ஒரு பெயரே இருக்கிறதாம். சரோவுக்கும் அவளே விளக்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஜனார்த்தன் விலகிக்கொண்டதால் நான் போட்டியின்றித் தலைவராகத் தெரிவாகிவிட்டேன். என்னைச் சந்தேகப்பட்டதற்காகச் சுகந்தி தொலைபேசியில் அழுதழுது மன்னிப்புக் கேட்டாள் மச்சான். நானும் மன்னித்துவிட்டேன்.